நிலைச் சொத்துக் கணக்கியல்: எஸ்ஏபி மென்பொருளும் இந்திய நடைமுறையும்

விற்பதற்காக அல்லாமல், ஓராண்டுக்கு மேல் தன் பயன்பாட்டுக்கென்று ஒரு நிறுவனம் வைத்திருக்கும் நிலம், கட்டடம், இயந்திரம், வாகனம், கணினி முதலியவை நிலைச் சொத்துகள் எனப்படும். வாங்கும் நாள் தொட்டுக் கழித்துவிடும் நாள் வரை அவற்றின் அடக்கவிலை, தேய்மானம், இருக்குமிடம், எஞ்சிய மதிப்பு ஆகியவற்றைப் பதிந்துவருவது நிலைச் சொத்துக் கணக்கியல். ஒரு காலத்தில் தடித்த பதிவேட்டிலும் பிறகு எக்செல் தாளிலும் நடந்த இந்த வேலை, பெரிய நிறுவனங்களில் இன்று கொள்முதல், கிடங்கு, பேரேடு எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்துவைக்கும் மென்பொருளுக்குள் நடக்கிறது. அவ்வகையில் நன்கு அறியப்பட்டது எஸ்ஏபி.

ஐபிஎம்மிலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் 1972இல் ஜெர்மனியில் தொடங்கியது எஸ்ஏபி நிறுவனம். 1992இல் வந்த ஆர்/3 பதிப்பு அதை உலகெங்கும் கொண்டுசென்றது. அந்தத் தலைமுறை மென்பொருளில் சொத்துக் கணக்கு ஒரு துணைப்பேரேடு. மாதக் கடைசியில் அதையும் பொதுப் பேரேட்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு வந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டும். 2015இல் வெளியான எஸ்/4ஹானா இரண்டு பதிவுகளையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்ததால் அந்தத் தேடல் பெருமளவு ஒழிந்தது.

சொத்து எண்

ஒவ்வொரு சொத்துக்கும் மென்பொருளில் ஓர் எண் உண்டு. அந்த எண் எந்தச் ‘சொத்து வகை’யின் கீழ் திறக்கப்படுகிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. பேரேட்டில் எந்தக் கணக்கில் விழும், ஆயுள் எத்தனை ஆண்டு, தேய்மானம் எந்த முறையில் என்பதையெல்லாம் வகையே முன்மொழியும். மடிக்கணினியை அறைகலன் வகையில் திறந்துவிட்டால் 3 ஆண்டில் தேய வேண்டியது 10 ஆண்டுக்கு இழுக்கும். மென்பொருள் முணுமுணுக்கக்கூடச் செய்யாது.

ஒரே இயந்திரத்தின் முக்கியப் பாகத்துக்குத் தனி ஆயுள் இருந்தால் முதன்மை எண்ணுக்குக் கீழே துணை எண் தரலாம். விலையில் கணிசமான பங்குடைய பாகத்தைத் தனியே தேய்க்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தின்படி 2015 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகிவிட்டது.

சொத்துக் கணக்குகளில் சொத்து எண் குறிப்பிடாமல் நேரடியாக எதையும் பதிய முடியாது. நல்ல காவல்தான், ஆனால் அரைக் காவல். எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, பதியும் தொகை செலவா சொத்தா என்று மென்பொருள் கேட்பதில்லை. அமெரிக்காவின் வோர்ல்ட்காம் நிறுவனம் பிற தொலைபேசி நிறுவனங்களின் கம்பிகளைப் பயன்படுத்தக் கொடுத்த அன்றாடக் கட்டணத்தைச் சொத்தாகக் காட்டி லாபத்தைப் பெருக்கியது. 2002 ஜூனில் முதலில் வெளியே வந்த தொகை மட்டும் சுமார் 380 கோடி டாலர்.

கட்டுமானத்தில் உள்ளவை

இயந்திரம் லாரியில் வந்து இறங்கியதுமே சொத்தாகிவிடாது. அடித்தளம் போட்டு, மின் இணைப்பு கொடுத்து, சோதனை ஓட்டம் முடியும் வரை ஆகும் செலவெல்லாம் ‘நடப்பிலுள்ள மூலதனப் பணி’ என்ற இடைக்கணக்கில் சேரும். அதற்குத் தேய்மானம் கிடையாது. வேலை முடிந்தபின், சேர்ந்த தொகையை இறுதிச் சொத்து எண்ணுக்கு மாற்றுவதை எஸ்ஏபி வட்டாரத்தில் ‘செட்டில்’ செய்வது என்பார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிய செய்தி கணக்குப் பிரிவுக்கு எட்டாமல், தொகை இந்த இடைக்கணக்கிலேயே மாதக்கணக்கில் தூங்குவது வழக்கமான நோய். 2021 ஏப்ரல் முதல் இந்தத் தொகையை ஓராண்டுக்குள், 1 முதல் 2, 2 முதல் 3, 3 ஆண்டுக்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்து ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்று விதி வந்தபிறகு தூக்கம் கொஞ்சம் கலைந்திருக்கிறது.

ஒரே இயந்திரம், இரண்டு தேய்மானம்

எஸ்ஏபியின் பயன் தெரியுமிடம் ‘தேய்மானப் பகுதி’ என்னும் ஏற்பாடு. ஒரே சொத்துக்குப் பல மதிப்புகளை இணையாக வைத்துக்கொள்ளலாம்: பகுதி 01இல் நிறுமச் சட்டப்படி ஒன்று, வருமான வரிக்கு இன்னொன்று, தேவைப்பட்டால் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு மற்றொன்று.

ஓர் எடுத்துக்காட்டு. இயந்திர விலை 11 லட்சம் ரூபாய், ஏற்றிவந்து நிறுவிய செலவு 1 லட்சம். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டால் அதை அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது; எனவே அடக்கம் 12 லட்சம். செப்டம்பர் 20ஆம் தேதி இயந்திரம் தயார், உற்பத்தி தொடங்கியது அக்டோபர் 10.

நிறுமச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்குத் தரும் ஆயுள் 15 ஆண்டு. எஞ்சு மதிப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 60,000 போக 11,40,000 ரூபாயை நேர்க்கோட்டு முறையில் வகுத்தால் ஆண்டுக்கு 76,000. இந்தியக் கணக்கியல் தரநிலை 16இன்படி, பயன்பாட்டுக்குத் ‘தயாரான’ நாளிலிருந்து தேய்மானம் ஓடும். லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 31 வரை 193 நாள். முதலாண்டுத் தேய்மானம் 40,186 ரூபாய்.

வருமான வரிக்கு வேறு நாள். அங்கே உண்மையிலேயே ‘பயன்படுத்திய’ தேதிதான் கணக்கு. வீதம் 15 சதவீதம், குறைந்துசெல் மதிப்பின்மேல். அக்டோபர் 10 முதல் எண்ணினால் 173 நாள். 180க்குக் குறைந்ததால் பாதி வீதம்தான், அதாவது 90,000. கூடுதல் தேய்மானச் சலுகை இதில் சேரவில்லை. ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 3இல், ஓட்டியிருந்தால் முழு 1,80,000 கிடைத்திருக்கும். செப்டம்பர் இறுதியில் கணக்குப் பிரிவு தொழிற்கூடத்துக்கு ஓயாமல் தொலைபேசுவதன் காரணம் இதுவே.

இந்தத் தேதிகள் சரியாக உள்ளே போய்விட்டால் மாதாந்தரத் தேய்மான ஓட்டம் வெறும் பொத்தான் வேலை. ஆயிரக்கணக்கான சொத்துகளுக்கும் கணக்கிட்டு, பதிந்து, எந்தத் துறையின் செலவில் சேர வேண்டுமோ அங்கே சேர்த்துவிடும். ஆயுளும் எஞ்சு மதிப்பும் மட்டும் மனிதர் தரும் ஊகங்கள். அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டி, எஞ்சு மதிப்பை ஊதிப் பெருக்கி லாபம் காட்டியது. மற்ற தில்லுமுல்லுகளும் சேர்ந்து 1998இல் அது திருத்தி எழுத வேண்டிவந்த தொகை 170 கோடி டாலர்.

கண்ணால் பார்த்தல்

இடமாற்றம், மறுமதிப்பீடு, மதிப்பிழப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பரிமாற்ற வகைகள் உள்ளன. அவற்றைவிடத் தொல்லை தருவது, ஏட்டில் இருப்பது இடத்தில் இருக்கிறதா என்பது. பதிவேட்டில் எண்ணிக்கையும் இருக்குமிடமும் இருக்கின்றனவா, நியாயமான இடைவெளியில் நேரில் சரிபார்த்தார்களா என்று தணிக்கையாளர் 2020ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆணையின்படி தெரிவித்தாக வேண்டும். சொத்து எண் அச்சிட்ட பார்கோடு ஒட்டி, ஸ்கேனருடன் தளம் தளமாகச் சுற்றுவது இதற்காகத்தான். சுற்றும்போது இரண்டும் அகப்படும்: ஏட்டில் மட்டும் வாழும் பொருள்களும், எந்த ஏட்டிலும் ஏறாத பொருள்களும்.

கழித்தல்

பழைய இயந்திரம் காயலான் கடைக்குப் போகும்போது வாயிற்காவலரின் வெளியேறு சீட்டு இருக்கும், எடைச் சீட்டு இருக்கும். சொத்து எண் மட்டும் எதிலும் இருக்காது. அது இல்லாமல் மென்பொருளில் கழிவுப் பதிவு போட வழியில்லை. வந்த பணம் இதர வருமானமாகப் பதிவாகி, சொத்து ஏட்டில் உயிரோடு நிற்கும்.

முறையாகச் செய்தால், நம் இயந்திரத்தை 15 ஆண்டு கழித்து 45,000 ரூபாய்க்கு விற்கும்போது, சொத்து எண்ணைக் குறிப்பிட்டுப் போடும் ஒரே பதிவில் அடக்கவிலை 12 லட்சமும் சேர்ந்த தேய்மானம் 11,40,000 ரூபாயும் நீங்கி, 15,000 ரூபாய் இழப்பு லாபநட்டக் கணக்கில் ஏறும். வரிப் பகுதியில் அப்படித் தனி இழப்பு இல்லை. ஒரே வீதமுள்ள இயந்திரங்கள் எல்லாம் அங்கே ஒரே தொகுப்பு. அதன் மதிப்பில் 45,000 குறையும், மீதி மற்ற இயந்திரங்களோடு கலந்து ஆண்டுக்கு 15 சதவீதமாகத் தேய்ந்துகொண்டேயிருக்கும்.