வானலைக் கம்பியும் இரைச்சலும்: திருகோணமலை தரும் பாடம்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோணேசர் கோயிலையும், கோட்டையையும், ஆழ்ந்தகன்ற இயற்கைத் துறைமுகத்தையுமே விரித்துரைப்பர். கண்ணுக்குப் புலனாகாத பிறிதொரு வரலாறும் இவ்வூர்க்கு உண்டு. தொலைநாட்டுச் சிற்றலைகளைக் கேட்டற்கும், பின்னாளில் அவற்றைப் பரப்புதற்கும் அந்நியர் இந்நிலத்தை நாடி வந்தனர். அவ்வரலாற்றை ஆராயின், வீட்டிலிருந்து வானொலி கேட்போர்க்கும் பயன்படும் உண்மையொன்று தெளிவாகும்.

சிற்றலைகள் வானில் உயரேயுள்ள அயன் மண்டலத்திற் பட்டு மீண்டு, பல்லாயிரம் மைல் கடந்து நிலத்தை அடைவன. அங்ஙனம் நலிந்து வரும் ஒலியோடு மின்னலால் எழும் இரைச்சலும், மின்பொறிகளால் எழும் இரைச்சலும் கலந்துவிடும். வானலைக் கம்பியோ இன்னது வேண்டியது, இன்னது வேண்டாதது எனப் பகுத்தறியாது. இரண்டையும் ஒருங்கே ஏற்கும். கம்பியை நீட்டினால் இரண்டும் மிகும். ஆதலின் நமக்கு வேண்டுவது ஒலியின் வலிமை மட்டுமன்று. இரைச்சலினும் அது எவ்வளவு மேம்பட்டு நிற்கின்றது என்பதேயாம்.

இரண்டாம் உலகப் போர் இதற்குத் தக்க சான்று தருகின்றது. யப்பானியரின் கம்பியில்லாத் தந்திகளை ஒட்டுக்கேட்ட பிரித்தானியக் கடற்படைப் பிரிவு, 1942 சனவரியில் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வந்தது. இலங்கை தாக்கப்படவிருப்பதை அப்பிரிவு முன்னரே உணர்த்தியது. 1942 ஏப்பிரல் 5 இல் கொழும்பும், 9 இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. அதன்பின் அப்பிரிவு ஆபிரிக்காவின் மொம்பாசாவை அடுத்த கிலிந்தினிக்கு மாற்றப்பட்டது. அங்கே யப்பானியத் தந்திகள் தூரத்தினால் நலிந்தே கேட்டன. 1943 இல் மீண்டு வந்து, கொழும்புக்கு அண்மையில் அன்டர்சன் என்னும் குழிப்பந்தாட்டத் திடலில் அமைந்தது. தூரம் குறைந்தது, ஆனால் புகையிரதப் பாதையும், பெருந்தெருவும், உயரழுத்த மின்கம்பிகளும் அணித்தாக இருந்தமையால் இரைச்சல் இடர் செய்தது. ஒரு பேரரசின் பொருளும் பொறியியலும் கூட, தவறான இடத்தேர்வை முற்றும் ஈடுசெய்ய இயலவில்லை.

இலங்கை விடுதலை பெற்றபின், 1950களில் அக்கேட்பு நிலையம் திருகோணமலையை அடுத்த பெர்க்கார் என்னுமிடத்துக்குப் பெயர்ந்தது. 1957 ஒக்டோபரிற் கடற்படைத் தளம் இலங்கை வசமாயிற்று. கேட்பு நிலையமும் பின்னர் மூடப்பட்டது. 1980களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி இப்பகுதியில் அஞ்சல் நிலையம் நிறுவிய பொழுது, அண்டை நாடாகிய இந்தியா ஐயுற்றது. 1987 யூலை 29 இல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ உளவு நோக்கங்களுக்குப் பயன்படலாகாது என்னும் கருத்தும் இடம்பெற்றது. வானலைக் கம்பியும் அரசியற் பொருளாதல் இதனால் விளங்கும். 2012 உடன் ஜேர்மானியர் விலக, நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பாயிற்று.

அரசுகள் கேட்டவாறே மக்களும் கேட்டனர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், தமிழர் இல்லங்கள் பலவற்றில் மாலைதோறும் பி.பி.சி. தமிழோசைக்குச் செவிசாய்த்தனர். செய்தியின் நடுவே எழும் ஓர் இரைச்சல் ஒரு கிராமத்தின் பெயரை மறைத்துவிடின், அக்கிராமத்தில் உற்றார் உடையோர்க்கு அது சிறு குறையாகுமோ?

அன்டர்சன் தந்த பாடத்தை இல்லத்துக்குப் பொருத்துவோம். முதற்கண் வானொலியை மின்கலத்தில் இயக்கி, வீட்டு மின்சாரத்தின் தலைமை ஆளியை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இரைச்சல் தணியுமாயின் பகைவன் வீட்டினுள்ளேயே உளன். மின்னேற்றிகளையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக இயக்கிக் குற்றவாளியைக் கண்டறியலாம். அடுத்து, கம்பியை வீட்டினின்றும் தெரு மின்கம்பியினின்றும் விலக்கிக் கட்டுக. 31 மீற்றர் அலைவரிசைக்கு ஏறத்தாழ ஏழரை மீற்றர் நீளமான இரு கிளைகள் போதும். நடுவிலிருந்து உறையிட்ட ஓரச்சு வடத்தால் ஒலியை உள்ளே கொணர்ந்தால், வடம் வழியில் இரைச்சலை அதிகம் வாங்காது. கம்பி தன் நீளத்துக்குக் குறுக்கான திசையிலேயே நன்கு கேட்கும். இலண்டன் எமக்கு வடமேற்கே உள்ளமையால், வடகிழக்கிலிருந்து தென்மேற்காக உயரக் கட்டுதல் நன்று. தென்னையிற் கட்டுவோர் காற்றின் அசைவுக்குத் தளர்வு விடுக. கடற்காற்றின் உப்பு செம்பை அரிக்குமாதலால், பொருத்துகளை ஈயம் பற்றவைத்து மூடுக. இடிமின்னற் காலத்திற் கம்பியைக் கழற்றிவிடுதல் உயிர்க்காப்பாம். இடமற்றோர், திருப்பத்தக்க வளையக் கம்பியால் இரைச்சல் வரும் திசையை ஒதுக்கலாம்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்பிரல் 30 உடன் நின்றது. கேட்டற்குரிய குரல்கள் குறைய, இல்லங்களின் மின்னிரைச்சல் பெருகி வருகின்றது. ஆயினும் எஞ்சிய குரல்களைக் கேட்க விழைவோர் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றே: முதலில் அமைதியான இடத்தைத் தேர்க, கம்பியின் நீளத்தைப் பின்னர் எண்ணுக.