நாலாவது நகர்வில் மாட்டிய மந்திரி

போன மாசம் ஊட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு செஸ் போட்டி. குன்னூரிலிருந்து பஸ்ஸில் போகும்போதே என் மகள் போனில் காரோ-கான் ஓப்பனிங்கை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். நூற்றுக்கு நூறு.

அவளுக்குக் கறுப்புக் காய். மூன்று நகர்வு வரை எல்லாம் பழகினபடியே: இ4 சி6, டி4 டி5, இ5 மந்திரி எஃப்5. அடுத்து வெள்ளை குதிரையை எடுக்கும், நாம் இ6 ஆட வேண்டும் என்பது அவள் மனப்பாடம். எதிரே இருந்த பையனோ ஓரச் சிப்பாயை ஹெச்4-க்குத் தள்ளினான். இவள் யோசிக்காமல் அதே இ6. அப்புறம் ஜி4, எஃப்3, ஹெச்5 என்று சிப்பாய்கள் துரத்தி வந்து மந்திரியைப் பிடித்துவிட்டன.

"இ6 ஆடச் சொல்லுச்சு. ஏன்னு சொல்லலையேப்பா" என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன்.

அந்த ஹெச்4, 1961-ல் போட்வின்னிக்குக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் மிகயில் தால் ஆடியது. அவர் பெயரில்தான் 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் மானுவல் ஆரன் ஒரு செஸ் கிளப் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கே ஆடி வளர்ந்தவர். பிளிட்ஸில் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். ஏன் தோற்றோம் என்பதை அங்கேயே யோசித்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்தது 1987-ல். 1985-ல் ஹாம்பர்க் அணியின் எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடி 3.5-4.5 என்று தோற்ற காஸ்பரோவ், புதிதாக வந்த செஸ்பேஸில் எதிராளிகளின் பழைய ஆட்டங்களைப் படித்துவிட்டுப் போய், 1987-ல் 7-1 என்று ஜெயித்தார். என் மகள் பயன்படுத்துவது வேறு வகை. மறக்கப்போகும் நேரம் பார்த்து அதே நிலையைத் திரும்பக் கேட்கும். மறதியை எபிங்ஹாஸ் அளந்து எழுதிய 1885-லிருந்து வரும் யோசனை அது. நினைவுக்கு நல்லது, காரணத்துக்கு அல்ல.

நினைவும் முழுசாகக் கைகொடுக்காது. 2010 சோஃபியாவில், டோபலோவுடன் முதல் ஆட்டத்திலேயே ஆனந்த் தயாரித்து வைத்திருந்த வரிசையைக் குழப்பிக்கொண்டு தோற்றார். ஆனாலும் பட்டத்தைத் தக்கவைத்தார், 6.5-5.5. குகேஷ் விஷயத்தில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500-ஐத் தாண்டும் வரை எஞ்சினையே தொட விடவில்லை. அந்தப் பையன் 2024-ல், 18 வயதில், உலக சாம்பியன்.

அதற்காக நாங்கள் சாஃப்ட்வேரை அழிக்கவில்லை. மலையில் இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் தால் கிளப் கிடையாது, போன்தான் உண்டு. ஒரு விதி மட்டும் சேர்த்தோம். ஒவ்வொரு நகர்வுக்கும் கீழே "ஏன்" என்று அவளே ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாத நகர்வு அன்றைக்குப் பலகைக்குப் போகும்.

நேற்று கரண்ட் போனபோது ஹெச்4 நிலையை வைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஹெச்6 ஆடினாள். "மந்திரி ஓடி ஒளிய ஹெச்7 வேணும்ப்பா." கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் எழுதினாள்.