மான்செஸ்டர் பல்கலைக்கழகம்

இங்கிலாந்தின் வடமேற்கில், பருத்தி ஆலைகளால் வளர்ந்த மான்செஸ்டர் நகரில் உள்ள ஆய்வுப் பல்கலைக்கழகம். இன்றைய வடிவில் 2004 அக்டோபர் 1 அன்று அமைந்தது. அதன் வேர்கள் 1824 வரை செல்கின்றன. அரசரோ திருச்சபையோ இதை நிறுவவில்லை. ஒரு தொழில் நகரம் தன் தேவைக்காகத் தானே கட்டி எழுப்பிய கல்விக்கூடம் இது. அதன் பெருமையும் அங்கேதான் தொடங்குகிறது.

1824இல் ஆலை உரிமையாளர்களும் அறிவியலாளர்களும் தொழிலாளர்களுக்கு அறிவியல் கற்பிக்க மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினர். அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டனும் அவர்களில் ஒருவர். இன்னொரு கிளை ஓவன்ஸ் கல்லூரி. 1846இல் இறந்த துணி வணிகர் ஜான் ஓவன்ஸ் ஏறத்தாழ 97,000 பவுண்டை உயிலில் எழுதிவைத்தார். மாணவரிடமும் ஆசிரியரிடமும் சமயம் குறித்து எந்த உறுதிமொழியும் கேட்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் சேரவும் கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றாக வேண்டும். அந்தத் தடைகள் முழுமையாக நீங்க 1871 வரை ஆனது. ஓவன்ஸின் கல்லூரியோ 1851இலேயே, குவே தெருவில், அரசியல் தலைவர் ரிச்சர்ட் காப்டன் முன்பு வாழ்ந்த வீட்டில் திறக்கப்பட்டுவிட்டது.

தொடக்க ஆண்டுகளில் மாணவர் சேர்க்கை குறைந்து கல்லூரி தள்ளாடியது. 1857இல் வேதியியல் பேராசிரியராக வந்த ஹென்றி ராஸ்கோ ஜெர்மானிய முறையிலான ஆய்வகக் கல்வியால் அதை நிமிர்த்தினார். 1873இல் கல்லூரி ஆக்ஸ்ஃபோர்டு சாலைக்கு இடம்பெயர்ந்தது. 1880இல் விக்டோரியா பல்கலைக்கழகம் என்ற கூட்டமைப்பு உருவாகி, பின்னர் லிவர்பூல், லீட்ஸ் கல்லூரிகளும் அதில் இணைந்தன; 1903இல் மூன்றும் பிரிந்தன. பெண்ணுரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் 1906இல் இங்கு சட்டப் பட்டம் பெற்றார். பெண் என்பதால் வழக்காட அவருக்கு அனுமதி இல்லை.

1907இல் எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டு இயற்பியல் பேராசிரியரானார். அவர் ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகரும், இன்னும் பட்டம் பெறாத மாணவர் எர்னெஸ்ட் மார்ஸ்டெனும் மெல்லிய பொன் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சில வந்த திசைக்கே திரும்பின. அணுவின் நிறை நடுவில் ஒரு சிறு கருவில் திரண்டிருந்தால் மட்டுமே இது நிகழும் என்று 1911இல் ரூதர்ஃபோர்டு விளக்கினார். அடுத்த ஆண்டு இங்கு வந்த நீல்ஸ் போர், 1913இல் தம் அணு மாதிரியை வெளியிட்டார். தனிமங்களை அணு எண்ணால் வரிசைப்படுத்திய ஹென்றி மோஸ்லியும் இந்த ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1915இல் கலிப்போலிப் போர்முனையில் இறந்தபோது அவருக்கு வயது 27.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்னொரு வளமான காலம் தொடங்கியது. ஃப்ரெட்டி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் மூவரும் உருவாக்கிய ‘பேபி’ கணினி, 1948 ஜூன் 21 அன்று தன் நினைவகத்தில் பதிந்த நிரலை இயக்கிக் காட்டியது. மின்னணுக் கணினி ஒன்று அவ்வாறு இயங்கியது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு ஆலன் டூரிங் இங்கு வந்து சேர்ந்தார். எந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்று ஆராயும் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியபோது அவர் இங்குதான் பணியில் இருந்தார். ஒருபால் உறவுக்காக 1952இல் அவர் தண்டிக்கப்பட்ட பிறகும் பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கெனத் தனிப் பதவி ஒன்றையே உருவாக்கியது. அதே காலத்தில் இங்குப் பேராசிரியராக இருந்த ஆர்தர் லூயிஸ், உழைப்பாளர் மிகுந்த ஏழை நாடுகளின் வளர்ச்சி பற்றி 1954இல் எழுதிய கட்டுரை, இந்தியப் பொருளியல் வகுப்புகளில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1979இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இப்பல்கலைக்கழக வானியலாளர் பெர்னார்டு லவல் ஜோட்ரெல் பாங்கில் நிறுவிய 76 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி, 1957இல் ஸ்புட்னிக்கை ஏவிய ராக்கெட்டைப் பின்தொடர்ந்தது. அந்த வளாகத்தை யுனெஸ்கோ 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டின் வழிவந்த யூமிஸ்ட் தொழில்நுட்ப நிறுவனமும் ஓவன்ஸ் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகமும் 2004இல் ஒன்றாயின. அவ்வாண்டே ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும், ஒட்டுநாடாவால் கிராஃபைட்டிலிருந்து ஒற்றை அணு தடிமனுள்ள படலத்தைப் பிரித்த ஆய்வை வெளியிட்டனர். கிராஃபீன் என்ற அந்தப் பொருளுக்காக 2010இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்று முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸல் குழுமத்தின் உறுப்பினராகவும், 40,000க்கும் மேற்பட்ட மாணவர்களோடு பிரிட்டனின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றாகவும் இது திகழ்கிறது. இங்குப் பயின்றோரும் பணியாற்றியோருமாக இருபதுக்கும் மேற்பட்டோர் நோபல் பரிசு பெற்றுள்ளதாகப் பல்கலைக்கழகம் குறிப்பிடுகிறது.