சோலார் போட்ட வீட்டுக்கு நியாயமான மதிப்பு கேட்பது எப்படி?

வீட்டை விற்கும்போதும் வாரிசுகளுக்குள் பாகம் பிரிக்கும்போதும் மதிப்பீடு தேவைப்படுகிறது. மாடியில் சோலார் போட்டவர்களுக்கு, "அதற்கெல்லாம் தனி விலை இல்லை" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அரசின் வழிகாட்டி மதிப்பு நிலத்துக்கு உரியது. சோலார் அதில் வராது. மதிப்பீட்டாளரும் கட்டடத்தின் பரப்பையும் வயதையுமே முதலில் பார்ப்பார். மற்றதற்கு நாம்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

எடுத்து வைக்க வேண்டியவை

சோலார் வாங்கிய பில், உத்தரவாதச் சான்று, நெட் மீட்டர் அனுமதி, மானியம் வந்த விவரம், சோலார் போடுவதற்கு முன்னும் பின்னும் வந்த மின்கட்டண ரசீதுகள். 1 கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் வரை தரும். ரசீதுகள் அதை உறுதிசெய்யும்.

கணக்கு

3 கிலோவாட் சோலாருக்கு 2 லட்சம் ரூபாய் செலவானது என்று வைத்துக்கொள்வோம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்திருந்தால், கைக்காசு 1,22,000. தகடுகளுக்கு 25 ஆண்டு ஆயுள் எனக் கொண்டால், 5 ஆண்டு உழைத்ததற்கு 24,400 கழியும். மீதி 97,600. இன்வெர்ட்டர் பழையதாக இருந்தால் இன்னும் குறையும். போட்ட பணம் முழுவதையும் கேட்பது நியாயமல்ல. ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் நியாயமல்ல.

மழைநீர் சேகரிப்புக்குத் தனி விலை எதிர்பார்க்க வேண்டாம். தமிழகத்தில் 2003 முதல் அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இருந்தால் கூடுதல் விலை வராது, இல்லாவிட்டால் குறை.

பாகப்பிரிவினையில்

வாப்பாவின் வீட்டில் மகன் தன் காசில் சோலார் போட்டிருப்பார். வாப்பா மவ்த்தான பிறகு, "அது என் காசு" என்பார் அவர். "வீட்டோடு சேர்ந்ததுதானே" என்பார்கள் சகோதரிகள். அது வாப்பாவுக்குக் கொடுத்த கடன் என்று உறுதியானால், பங்கு வைப்பதற்கு முன் அதை அடைக்க வேண்டும். ஹதியாவாகக் கொடுத்தது என்றால், எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்கு உண்டு. கடனை எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். பணம் போடும் அன்றே, வாப்பாவின் கையெழுத்தோடும் இரண்டு சாட்சிகளோடும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பவர் பழுதடைந்த தகட்டையும் முடிந்துபோன உத்தரவாதத்தையும் மறைக்கக் கூடாது. குறையைச் சொல்லி விற்பதே மார்க்கம் காட்டும் வழி. வாங்குபவரின் பெயருக்கு மின் இணைப்பை மாற்றும்போது நெட் மீட்டரையும் சேர்த்து மாற்றிக் கொடுங்கள்.