நீலப் புத்தகத்திலிருந்து எண்மத் தரவுத்தளம் வரை: யாழ்ப்பாணத்தில் வணிகத் தகவற் கருவிகளின் வளர்ச்சியும் மதிப்பீடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வர்த்தகத்தை ஆராய வரும் முகாமைத்துவ மாணவருக்கு நூலகர் எந்தக் கருவியை முதலில் காட்டவேண்டும்? சந்தா கட்டிப் பெறும் பன்னாட்டுத் தரவுத்தளங்களையே பலரும் முதலில் கைகாட்டுகின்றனர். குடாநாட்டைப் பற்றிய வணிகத் தகவல் கடந்த இரு நூற்றாண்டுகளில் எங்கே திரண்டது, எங்கே அறுந்தது என்று பார்த்தால் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரித்தானியர் காலத்துக் கருவிகளில் முதன்மையானது அரசாங்கம் ஆண்டுதோறும் தொகுத்த நீலப் புத்தகம். வரி வருமானம், ஏற்றுமதி இறக்குமதி, பயிர்ச்செய்கை, விளைபொருள் விலை, கூலி என்று அது நிரல்படுத்தியது. சைமன் காசிச்செட்டி 1834 இல் வெளியிட்ட இலங்கைக் கசற்றியர் இடங்களை அகரவரிசையில் விவரித்தது. 1850களின் இறுதியில் தொடங்கிய பேர்கசன் டிரெக்டரி, கம்பனிகளையும் தோட்டங்களையும் உத்தியோகத்தரையும் பெயர் பெயராகப் பட்டியலிட்டது. இவற்றோடு அரசாங்க அதிபர்களின் ஆண்டறிக்கைகளும் உண்டு. 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அதிபராயிருந்த துவைனம் காலத்து அறிக்கைகள் பொருளாதார வரலாற்றாசிரியருக்குப் பெரும் புதையல்.

இவை எல்லாம் ஆள்பவனின் கணக்கு என்பதை மறக்கக்கூடாது. திருவிதாங்கூருக்குப் போன ‘மலையாளப் புகையிலை’ வரி தந்த பொருளாகையால் பதிவேறியது. சந்தையில் ஒடியலும் கடகமும் விற்ற பெண்ணின் வருமானம் ஏறவில்லை. அந்த மறுபக்கத்தை 1841 இல் தொடங்கிய உதயதாரகை, 1889 இல் தொடங்கிய இந்து சாதனம் போன்ற உள்ளூர்ப் பத்திரிகைகளில்தான், அதிலும் விளம்பரப் பத்திகளில், ஓரளவு தேடவேண்டும்.

இப்பத்திரிகைகளையும் நூல்களையும் ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சி 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் நடத்திய சிறு வாசிகசாலையிலிருந்து வளர்ந்து, யாழ்ப்பாணப் பொது நூலகமானது. 1981 யூன் தொடக்கத்தில் அது எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. என்னென்ன இருந்தன என்று சொல்லும் பட்டியலும் கூடவே போனது. தகவல் நிபுணர் கண்ணோட்டத்தில் இந்த இரண்டாவது இழப்பும் முதலாவதற்குக் குறைந்ததன்று.

எண்களும் அறுந்தன. 1981 தொகைமதிப்புக்குப் பின் 2001 கணக்கெடுப்பு யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012 இல்தான் வந்தது. இடைவெளி 31 ஆண்டு. இதில் ஒரு பொறியும் உண்டு. 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 830,552. ஆனால் அதில் கிளிநொச்சியின் 91,764 பேரும் அடக்கம்; கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதைக் கழித்தால் 738,788. 2012 இல் இருந்தவர் சுமார் 583,000. முதல் எண்ணை எடுப்பவர் ஏறக்குறைய 30 வீத வீழ்ச்சி என்பார். சரியான எண்ணை எடுப்பவர் 21 வீதம் என்பார். சந்தையின் பருமனைக் கணிக்கும் வங்கிக்கோ கடைக்காரருக்கோ இந்த வேறுபாடு சிறிதன்று. எல்லை மாற்றத்தை அடிக்குறிப்பில் சொல்லாத தரவுத்தளம் எவ்வளவு அழகான வரைபடம் தந்தாலும் நம்பத்தக்கதல்ல.

போருக்கு நடுவிலும் புலம்பெயர்விலும் மீட்பு முயற்சிகள் எழுந்தன. என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ ஈழத்தவரின் தமிழ் நூல்களைத் தூயி தசாம்சப் பகுப்பின்படி தருகிறது. 380 இல் வர்த்தகம், 650 இல் முகாமைத்துவம் என்று நேரே புரட்டலாம். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகத் திட்டம் நூல், இதழ், பத்திரிகை, சிறப்பு மலர், நினைவு மலர் ஆகியவற்றை வருடி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. வணிக ஆய்வாளர் அலட்சியம் செய்யும் மலர்களே இங்கு பெறுமதி மிக்கவை. ஒரு கோயில் கும்பாபிஷேக மலரின் கடைசிப் பக்கங்களில் அந்த ஆண்டு ஊரில் இயங்கிய நகைக்கடை, அரிசி ஆலை, அச்சகம், லொறிச் சேவை எல்லாம் முகவரியோடு நிற்கும். எந்தக் கம்பனிப் பதிவேட்டிலும் இவை கிடையா.

நூலகத் திட்டத்தில் குறைகளும் உண்டு. பெரும்பாலானவை பக்கப் படங்கள். பொருளடக்கத்தைத் தேடலாம், உள்ளே இருக்கும் விளம்பரத்தைத் தேட முடியாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளில் தமிழ்ச்சொல்லைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. ‘ஸ்ரோர்ஸ்’, ‘ஸ்டோர்ஸ்’ என்ற இரு வடிவிலும் தேடாதவர் பாதிக் கடைகளைத் தவறவிடுவார்.

கட்டணத் தரவுத்தளங்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எமரால்ட், எபிஸ்கோ, புரோகுவெஸ்ட் போன்றவை கோட்பாட்டுக்கும் பிற நாட்டு ஒப்பீட்டுக்கும் உதவும். ஆனால் சுன்னாகம் சந்தையில் வாழைக்குலை மொத்தவிலை எப்படி ஏறி இறங்கியது என்று அவற்றிடம் கேட்கமுடியாது. கம்பனிப் பதிவாளரின் தரவும் அரைகுறையே. குடாநாட்டுக் கடைகளிற் பெரும்பாலானவை தனியாள் அல்லது பங்குடைமை வியாபாரங்கள். அவற்றின் வர்த்தகப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் கிடக்கிறது. அந்தப் பதிவேடுகள் எண்மமானால் வடக்கின் வணிக ஆய்வே மாறிவிடும்.

ஆகவே என் வரிசை இது: முதலில் மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேடும் மத்திய வங்கி அறிக்கையும், அடுத்து நூல்தேட்டமும் நூலகத் திட்டமும், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக எண்மக் களஞ்சியத்தின் ஆய்வேடுகள், கடைசியில் சந்தாத் தளங்கள். எந்தக் கருவியாயினும் நூலகர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அதில் எந்த ஆண்டுகள் இல்லை என்பதே. யாழ்ப்பாணத்துப் பழைய வர்த்தகக் குடும்பங்கள் தம் கணக்குப் புத்தகங்களையும் விலைப்பட்டியல்களையும் பழைய தாளென்று எடைக்குப் போடாமல் வருடுவதற்குக் கொடுக்க முன்வரவேண்டும்.