இருபது பேறும் நாற்பது பேறும்: பிரிட்டனில் மருத்துவச்சிக் கல்வி பல்கலைக்கழகம் புகுந்த வரலாறு

பிரிட்டனில் மருத்துவச்சியாக விரும்பும் மாணவி இன்று மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படிக்கிறார். ஏட்டுத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் அது போதாது. பொதுவாக 40 பேறுகளை அவரே பார்த்ததாகப் பதிவேட்டில் கணக்கு இருக்க வேண்டும். இப்படிப் பேறுகளை எண்ணிக் கணக்குக் காட்டும் வழக்கம் பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததன்று. 1902ஆம் ஆண்டு மருத்துவச்சியர் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 20 பேறுகளைக் கேட்டன. மூன்று மாதப் பயிற்சி படிப்படியாக வளர்ந்து மூன்றாண்டுப் பட்டமாயிற்று என்று இந்த வரலாற்றைச் சொல்வது வழக்கம். அந்தக் கதை தவறில்லை; ஆனால் படிப்பு அவ்வளவு காலம் குறுகியே கிடந்தது ஏன், அதனால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்விகளை அது தொடுவதேயில்லை. இக்கட்டுரை அவற்றிலிருந்து தொடங்குகிறது.

பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவச்சிக்கும் இடையிலான வழக்கு பழையது. 1671இல் பேறுகால நூலொன்றை வெளியிட்ட ஜேன் ஷார்ப், ஆண்களுக்குக் கிடைக்கும் உடற்கூற்றுக் கல்வி பெண்களுக்கு மறுக்கப்படுவதை அதிலேயே எடுத்துப் பேசினார். கூடவே, கடினமான சொற்களைக் கற்றுவிட்டால் பேறு பார்த்துவிட முடியாது என்றும் வாதிட்டார். 1726இல் எடின்பரோ நகர மன்றம் ஜோசப் கிப்சனைப் பேறுகால மருத்துவப் பேராசிரியராக அமர்த்தியது. நகரத்து மருத்துவச்சியருக்குக் கற்பிப்பதே அந்த நியமனத்தின் நோக்கம். நாளடைவில் அந்த இருக்கை ஆண் மருத்துவ மாணவர்களுக்கு உரியதாகிவிட்டது. பெண்களுக்காகப் போட்ட நாற்காலியைச் சுற்றிப் பெண்கள் நுழைய முடியாத வகுப்பறை எழுந்தது.

இந்த முரண் அப்பட்டமாக வெளிப்பட்ட ஆண்டு 1876. எடின்பரோவில் மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்ட சோஃபியா ஜெக்ஸ்-பிளேக், எடித் பீச்சி, இசபெல் தோர்ன் ஆகிய மூவரும் வேறு வழி தேடினார்கள். லண்டன் அறுவை மருத்துவர் அரச கல்லூரி பேறுகால மருத்துவத்துக்குத் தனி உரிமம் வழங்கிவந்தது. அதைப் பெற்றால் மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். மூவரும் விண்ணப்பித்தார்கள். பெண்கள் என்பதற்காகத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்ற ஆலோசனை கல்லூரிக்குக் கிடைத்தது. உடனே தேர்வாளர்கள் அத்தனை பேரும் பதவி விலகினார்கள், தேர்வே நடக்கவில்லை. பேறு பார்ப்பது பெண்ணின் இயல்பான வேலை என்று பேசிய காலந்தான் அது! வேலையைச் செய்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. அதற்குச் சான்றிதழ் கேட்டதுதான் சிக்கல். (அந்த மூவரில் பீச்சி பின்னாளில் பம்பாய்க்கு வந்து காமா மருத்துவமனையில் பணியாற்றினார்.)

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சிறு விலகல். ஆங்கிலத்தில் இத்தொழிலைக் குறிக்கும் சொல்லுக்குப் 'பெண்ணுடன் இருப்பவள்' என்பதே வேர்ப்பொருள். மருத்துவத்தின் சாயல்கூட அதில் இல்லை. நம் 'மருத்துவச்சி'யோ மருத்துவன் என்பதன் பெண்பால். ஆனால் சொல் தந்த மதிப்பைச் சமூகம் தந்ததா என்பது வேறு கேள்வி. சென்னையில் 1844இல் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரியை ஒட்டி 1854இலேயே மருத்துவச்சியருக்கு முறையான பயிற்சி தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் இத்தொழிலுக்குச் சட்டம் வர அதன்பின் 48 ஆண்டுகள் ஆயின.

1902ஆம் ஆண்டின் அச்சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு மத்திய மருத்துவச்சியர் வாரியத்தை அமைத்தது. அதில் மருத்துவச்சி ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மருத்துவர்களே பெரும்பான்மையாக அமர்ந்தார்கள். பயிற்சி மூன்று மாதம். 1905இல் பதிவேட்டில் 22,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவற்றுள் பாதிக்கும் அதிகமானவை பயிற்சிச் சான்று ஏதுமின்றி, ஏற்கெனவே தொழில் செய்துவந்ததற்காகச் சேர்க்கப்பட்டவை. பயிற்சியைக் குறுக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் நியாயமாகவே தோன்றும்: ஏழை வீட்டுக்குப் போகும் மருத்துவச்சியும் ஏழை, நீண்ட படிப்புக்கு அவளால் கட்டணம் கட்ட இயலாது. சொல்லாமல் விட்ட காரணமும் ஒன்று உண்டு என்பது என் கருத்து. பேறு பார்ப்பது பொதுமருத்துவர்களுக்கு நல்ல வருமானம் தந்த தொழில். மருத்துவச்சி அதிகம் படித்தால் போட்டிக்கு வருவாள் என்ற அச்சம், சட்டத்துக்கு முந்தைய விவாதங்கள் முழுவதிலும் கேட்கிறது.

பிறகு 1916இல் ஆறு மாதம், 1926இல் ஓராண்டு, 1938இல் இரண்டாண்டு என்று காலம் நீண்டது. இந்தக் கால அளவு செவிலியர் அல்லாதவர்களுக்கானது. செவிலியராகப் பயின்றவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சலுகை கிடைத்தது. அந்தச் சலுகையின் விளைவை அன்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. செவிலியாகிப் பின் மருத்துவச்சியாவதே ராஜபாட்டையாயிற்று. நேரடியாகச் சேரும் வழி புதர் மண்டியது. 1980களில் நேரடிச் சேர்க்கைக்கு டார்பியில் ஒரே ஒரு பள்ளிதான் எஞ்சியது. மருத்துவச்சிக் கல்வி தனித்துறை என்ற நினைவை அந்த ஒற்றைப் பள்ளிதான் காத்தது.

திருப்பம் இரு திசைகளிலிருந்து வந்தது. 1980இல் ஐரோப்பிய சமூகத்தின் நெறிமுறை, உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான தகுதியை வகுத்தது. 40 பேறுகள், 100 கர்ப்பகாலப் பரிசோதனைகள் என்ற எண்கள் அதிலிருந்து வந்தவை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் நேரடி மூன்றாண்டுப் படிப்புக்கு அரசு புத்துயிர் தந்தது. செவிலியர் பள்ளிகள் 1990களில் உயர்கல்வி நிறுவனங்களோடு இணைந்தபோது மருத்துவச்சிக் கல்வியும் உடன் போயிற்று. 2008இல் பட்டம் குறைந்தபட்சத் தகுதியாயிற்று. எனினும் படிப்புக் காலத்தில் பாதியேனும் பிரசவ அறையிலும் வீடுகளிலும் கழிகிறது. தேர்ந்த மருத்துவச்சியின் அருகில் நின்று கற்கும் பழைய முறையைப் பல்கலைக்கழகத்தால் அகற்ற முடியவில்லை. அதற்குப் பட்டம் சூட்ட மட்டுமே முடிந்தது. ஜேன் ஷார்ப் கேட்ட இரண்டும், உடற்கூற்றுப் பாடமும் கைப்பழக்கமும், ஒரே மாணவிக்குக் கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

1902இல் சொல்லப்பட்ட கட்டணக் கவலை மட்டும் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. இங்கிலாந்தில் இம்மாணவியருக்கு அரசு தந்துவந்த உதவித்தொகை, 2017இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நின்றது. கட்டணத்துக்கு அவர்கள் கடன் வாங்கினார்கள். 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் வந்தது. கட்டணம் நீங்கவில்லை. இரவுப் பணியில் 40ஐ எண்ணிக்கொண்டிருக்கும் மாணவிக்கு அந்த மணிநேரங்களுக்குச் சம்பளம் கிடையாது.