குளிர்காலத் தேனிலவு: பீசா 1846, செயின்ட் மோரிட்ஸ் 1926

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் ஐரோப்பாவுக்குத் தேனிலவு போவது இன்றைக்கு டிராவல்ஸ்காரர்களிடம் ரெடிமேடாகக் கிடைக்கிற சரக்கு. பாரிஸ் மூன்று ராத்திரி, சுவிட்சர்லாந்து மூன்று ராத்திரி, வெனிஸ் ஒன்று, ரோம் இரண்டு. நடுவில் கட்டாயம் ஒரு பனிமலை உச்சி. என் அக்கா மகனுக்குத் தை மாதக் கல்யாணம், "பிளான் நீங்கதான் போடணும் மாமா" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். எக்செல் ஷீட்டில் தொடங்கிய வேலை இரண்டே வாரத்தில் 1846-க்குப் போய்விட்டது. காரணம் ஒரு சின்னக் கேள்வி. கல்யாணம் ஆன கையோடு, எலும்பை உறைய வைக்கிற குளிரைத் தேடிப் போவது சுகம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

ஏனென்றால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, காசு இருந்த ஐரோப்பியர்கள் குளிர்காலத்தில் செய்த காரியம் நேர் எதிரானது. தெற்கே ஓடினார்கள். ஆல்ப்ஸ் மலை என்பது கோடையில் போகிற இடம். 1863-ல் தாமஸ் குக் முதன்முதலாக சுவிட்சர்லாந்துக்கு ஒரு குழுவைக் கூட்டிப் போனதும் கோடையில்தான். அக்டோபர் வந்தால் மலை ஹோட்டல்கள் கதவைச் சாத்திவிடும்.

'ஹனிமூன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் முதலில் பயணத்தோடு சம்பந்தம் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் அது கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் மாதத்தைத்தான் குறித்தது, அதிலும் கொஞ்சம் நக்கலாக: இப்போது தேன், நிலவு மாதிரியே சீக்கிரம் தேயும். நாம் அதை அப்படியே 'தேனிலவு' ஆக்கிக்கொண்டோம், நக்கல் மட்டும் வழியில் விழுந்துவிட்டது. பயணம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பயணமும் ஆரம்பத்தில் இருவர் மட்டும் போவதல்ல. பெண்ணின் தங்கையோ தோழியோ கூடவே போவது சாதாரணம். ஸ்ரீதரின் 'தேன் நிலவு' (1961) படத்தில் தங்கவேலு வயசுக்கு வந்த மகளையும் கூட்டிக்கொண்டு காஷ்மீருக்குத் தேனிலவு போவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். விக்டோரியா காலத்து ஆங்கிலேயருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

நான் பிடித்துக்கொண்ட முதல் ஜோடி எலிசபெத் பாரெட், ராபர்ட் பிரௌனிங். இருவரும் கவிஞர்கள். 1846-ல் அவருக்கு வயது 40, இவருக்கு 34. எலிசபெத் பல ஆண்டுகளாக நோயாளி. லண்டன் விம்போல் தெருவில் ஒரு அறைக்குள்ளேயே வாழ்க்கை, வலிக்கு அபின் கலந்த மருந்து. முந்தைய ஆண்டே மருத்துவர்கள், குளிர்காலத்தை இத்தாலியில் பீசா நகரில் கழித்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். அப்பா விடவில்லை. அந்த மனிதர் தன் பிள்ளைகளில் யாருமே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நினைத்தவர். பையன், பெண் வித்தியாசம்கூடக் கிடையாது.

ஆக, இவர்களுடையது ரகசியக் கல்யாணம். செப்டம்பர் 12 அன்று மேரிலபோன் தேவாலயத்தில் தாலி கட்டாத குறையாக எல்லாம் முடிந்தது. பெண் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அப்பா வீட்டுக்கே திரும்பி, ஒரு வாரம் ஒன்றும் நடக்காதது போல இருந்தார். 19-ஆம் தேதி பணிப்பெண் வில்சனோடும் ஃப்ளஷ் என்ற நாயோடும் வீட்டை விட்டுக் கிளம்பினார். செலவுக்கு பிரௌனிங் தன் அப்பாவிடம் 100 பவுண்டு கடன் வாங்கியிருந்தார்.

இந்தப் பயணத் திட்டத்தை இன்றைய கண்ணோடு பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கப்பலில் லே ஆவர். அங்கிருந்து ரூவான் வரை குதிரை வண்டி. அந்தத் துண்டுப் பாதையில் ரயில் வந்தது மறு வருடம், 1847-ல்தான். ரூவானிலிருந்து பாரிஸ் ரயிலில். பாரிஸில் எழுத்தாளர் அன்னா ஜேம்சன் சேர்ந்துகொண்டார், கூடவே அவர் தங்கையின் மகளான ஒரு சின்னப் பெண்ணும். தேனிலவுக்கு நாலு பேர், ஒரு பணிப்பெண், ஒரு நாய். ஆர்லியான் வரை ரயில், ரோன் ஆற்றில் படகு, அவிஞ்ஞோன், மார்செய், மறுபடி கப்பல், லிவோர்னோ. அங்கிருந்து பீசாவுக்கு 1844-லேயே ரயில் போட்டிருந்தார்கள். ஐரோப்பிய ரயில் வரைபடம் அப்போது பாதி எழுதிய மென்பொருள் மாதிரி: ஓடுகிற இடத்தில் நன்றாக ஓடும், திடீரென்று ஒன்றுமே இருக்காது. வழியெல்லாம் எலிசபெத்தைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. அக்டோபர் நடுவில் பீசா போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் பீசா? அந்தக் காலத்து மருத்துவத்தில் ஊரின் காற்றே மருந்து. ஜேம்ஸ் கிளார்க் என்ற மருத்துவர் 1829-ல் தட்பவெப்பமும் நாட்பட்ட நோய்களும் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ரோமில் கீட்ஸ் சாகக் கிடந்தபோது வைத்தியம் பார்த்தவர் இவர்தான், பின்னால் விக்டோரியா அரசியின் மருத்துவர். நெஞ்சு நோய்க்கு மிதமான, ஈரப்பதம் உள்ள, காற்று அடிக்காத ஊர் வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. பீசா, நீஸ், மதேரா எல்லாம் இந்தப் பட்டியலில் வளர்ந்த ஊர்கள்தான். அழகு என்பதெல்லாம் அப்புறம்.

எலிசபெத்துக்கு அது வேலை செய்தது. பீசாவின் காற்றா, அப்பா வீட்டை விட்டு வந்ததா என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் நான் சொல்வேன். அந்தக் குளிர்காலம் முடியும்போது ஒரு கருச்சிதைவும் ஆனது, அதையும் தாண்டி எழுந்தார். 1847 ஏப்ரலில் ஃபிளாரன்ஸுக்குக் குடிபோனார்கள். 1849-ல், 43 வயதில் ஒரு மகனைப் பெற்றார். 1861 வரை, கல்யாணத்துக்குப் பின் கிட்டத்தட்ட 15 வருடம் வாழ்ந்தார். லண்டன் அறையிலேயே இருந்திருந்தால் அத்தனை வருடம் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகமே. அப்பா மட்டும் மனம் மாறவே இல்லை. மகள் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலேயே வைத்திருந்து கட்டாகத் திருப்பி அனுப்பினார். 1857-ல் அப்படியே இறந்தும் போனார்.

இனி அடுத்த ஜோடிக்கு 80 வருடம் தாண்டணும். நடுவில் நடந்த தலைகீழ் மாற்றம்தான் இந்தக் கட்டுரையின் சாரம்.

1849 புரட்சியில் கலந்துகொண்டு ஜெர்மனியிலிருந்து தப்பிய அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்ற இளைஞர், சுவிட்சர்லாந்தில் மருத்துவம் படித்து, 1853-ல் தாவோஸுக்கு வட்டார மருத்துவராக வந்தார். கடல் மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரம். உள்ளூர்க்காரர்களிடம் காசநோய் அபூர்வமாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. 1865 பிப்ரவரியில் உங்கர், ரிக்டர் என்ற இரண்டு ஜெர்மன் காசநோயாளிகள் ஸ்லெட்ஜ் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஊரார் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் இருவரும் தேறினார்கள், அந்த ஊரிலேயே தங்கியும் விட்டார்கள்.

இதற்குச் சில வாரம் முன்னால், பக்கத்துப் பள்ளத்தாக்கான செயின்ட் மோரிட்ஸில் ஒரு புகழ்பெற்ற பந்தயம். குல்ம் ஹோட்டல் முதலாளி யோஹன்னஸ் பாட்ரூட், 1864 கோடை முடிவில் தன் ஆங்கிலேய விருந்தினர்களிடம், "குளிர்காலத்தில் வந்து பாருங்கள். வெயில் அடிக்கவில்லை என்றால் பயணச் செலவு என்னுடையது" என்கிற மாதிரி சவால் விட்டாராம். அவர்கள் டிசம்பரில் ஜூலியர் கணவாயைக் கடந்து வந்து, ஈஸ்டர் வரை தங்கி, கறுத்துப்போய் ஊர் திரும்பினார்களாம். 'ராம்' போட்டிருக்கிறேன், கவனிக்க. ஹோட்டல்காரர் ஜெயித்த பந்தயத்தை ஹோட்டல்காரர்களே சொல்லி வந்த கதை இது. நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன்.

ஆனால் கதைக்குள் இருக்கிற பௌதிகம் நூறு சதவீதம் உண்மை. குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில், கனமான குளிர்ந்த காற்று தாழ்ந்த நிலத்தில் தேங்கிவிடும், அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டு உட்காரும். ஜூரிக், லூசர்ன் பக்கமெல்லாம் நாள்கணக்கில் சாம்பல் நிற மேகக் கூரை. ஆயிரம் மீட்டர் சொச்சம் ஏறினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்: நீல வானம், சுள்ளென்று வெயில், கீழே மேகக் கடல். செயின்ட் மோரிட்ஸ் 1,800 மீட்டர். காற்று உலர்ந்தது, பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், சட்டைக் கையோடு வராந்தாவில் உட்காரலாம். பாட்ரூட்டுக்கு இது தெரிந்திருந்தது. லண்டன்காரர்களுக்குத் தெரியவில்லை.

நோயாளிகள் வந்தார்கள், அவர்களோடு துணைக்கு வந்த ஆரோக்கியமானவர்களுக்குப் போர் அடித்தது. குளிர்கால விளையாட்டின் வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். 1880 மே மாதம் கல்யாணம் செய்துகொண்ட ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அந்த முதல் குளிர்காலத்தையே மனைவி ஃபேனியோடு தாவோஸில்தான் கழித்தார், நெஞ்சு நோய்க்காக. அடுத்த குளிர்காலமும் அங்கே வந்து 'டிரெஷர் ஐலண்ட்' நாவலை முடித்தார். 1893-ல் மனைவியின் காசநோய்க்காக வந்த கானன் டாயல், சும்மா இருக்க முடியாமல் பனிச்சறுக்கு பழகி, 1894-ல் இரண்டு உள்ளூர்ச் சகோதரர்களோடு மலையைத் தாண்டி அரோசா போய், அதை ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதியவர் சொன்னால் ஆங்கிலேயர்கள் கேட்காமல் இருப்பார்களா?

பிறகு ரயில். கோத்தார்ட் சுரங்கம் 1882-ல் திறந்தது, 15 கிலோமீட்டர். அதைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் ஏழை இத்தாலியர்கள். ஏறக்குறைய 200 பேர் விபத்தில் செத்தார்கள். 1875-ல் வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டதில் நாலு பேர் பலி. உள்ளே இருந்த வெக்கையிலும் அசுத்தத்திலும் கொக்கிப்புழு பரவி, ஆட்கள் ரத்தசோகையில் வெளுத்துப்போய் வெளியே வந்தார்கள். நம் தேயிலைத் தோட்டக் கூலிகளை வாட்டிய அதே கொக்கிப்புழு. ஆல்ப்ஸை ஊடுருவிப் போகிற ரயிலில் இந்த விவரத்தை எந்த ஒலிபெருக்கியும் சொல்லாது. செயின்ட் மோரிட்ஸுக்கு அல்புலா ரயில் 1904-ல் வந்தது. இத்தாலிப் பக்கம் திரானோவிலிருந்து பெர்னினா ரயில் 1910-ல் முழுமையானது, 1913 குளிர்காலத்திலிருந்து வருடம் முழுக்க ஓட ஆரம்பித்தது.

இப்போது இரண்டாவது ஜோடி. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், அல்மா ரெவில். இருவரும் 1899 ஆகஸ்டில், ஒருநாள் இடைவெளியில் பிறந்தவர்கள். அல்மா படத்தொகுப்பில் அவருக்கு சீனியர். 1926 டிசம்பர் 2-ஆம் தேதி லண்டனில் கல்யாணம். தேனிலவு: பாரிஸ், கோமோ ஏரி, செயின்ட் மோரிட்ஸ். நம் டிராவல்ஸ்காரரின் பாரிஸ்–சுவிஸ்–இத்தாலி அப்படியே இருக்கிறது பாருங்கள்! கோமோ ஏரியை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். முந்தைய வருடம் 'தி பிளெஷர் கார்டன்' படத்துக்காக அங்கே போய் எடுத்ததே ஒரு தேனிலவுக் காட்சிதான், அல்மா அதில் உதவி இயக்குநர். செயின்ட் மோரிட்ஸில் தங்கியது பேலஸ் ஹோட்டலில். அதை 1896-ல் திறந்தவர் பந்தயக்காரர் பாட்ரூட்டின் மகன். பின்னாலும் பலமுறை அங்கே போனார்கள். ஹிட்ச்காக்கின் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' (1934) தொடங்குவதே செயின்ட் மோரிட்ஸில் விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தோடுதான். 1956-ல் அதே கதையை மறுபடி எடுத்தபோது மொராக்கோவுக்கு மாற்றிவிட்டார்.

சினிமா வழியாகத்தான் இது நம்மிடமும் வந்தது. 'சங்கம்' (1964) இந்திப் படத்தில் ராஜ் கபூரும் வைஜெயந்திமாலாவும் ஐரோப்பாவுக்குத் தேனிலவு போகிறார்கள். காஷ்மீரில் 'தேன் நிலவு' எடுத்த ஸ்ரீதர், 'சிவந்த மண்' (1969) படத்துக்கு ஐரோப்பா போனார்.

சரி, பிளானுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், உபயோகம் இருக்கிறது. மார்கழியில் நம்மிடம் கல்யாணம் கிடையாது. அதனால் ஜோடிகள் இரண்டு வகை. ஐப்பசி, கார்த்திகையில் முடித்தவர்கள் நவம்பர், டிசம்பர் தொடக்கத்தில் போய் இறங்குகிறார்கள். மலை ஊர்களுக்கு அது இரண்டு சீசனுக்கும் நடுவிலான செத்த காலம், பாதி ஹோட்டல் மூடியிருக்கும், கேபிள் கார்கள் பராமரிப்பில் நிற்கும், கீழே மேகக் கூரை. பாட்ரூட்டின் விருந்தினர்கள் பயந்த குளிர்காலம் அதுதான். தை ஜோடிகளுக்கு ஜனவரி கடைசி, பிப்ரவரி. பகல் நீண்டிருக்கும், பனி கெட்டியாக இருக்கும், வெனிஸில் கார்னிவல் சமயமாகவும் அமையலாம். விலை மட்டும் பிப்ரவரியில் பள்ளி விடுமுறை வாரங்களில் எகிறும்.

இன்டர்லாக்கன் 570 மீட்டர்தான், மேகத்துக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அங்கே மூன்று ராத்திரி போடுவதற்குப் பதில் ஒரு ராத்திரியாவது உயரமான ஊரில் தங்கணும். உச்சிக்கு டிக்கெட் வாங்கும் முன் அந்த மலையின் வெப்கேமைப் பார்த்துவிடணும், விலை அப்படி. ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக ராத்திரியோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம், ஆகவே ராத்திரிக் கணக்கை முடிவு செய்த பிறகே அந்த வேலையைத் தொடங்கணும்.

கோமோவிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகிற பெர்னினா பாதையை நான் ஷீட்டில் முதல் வரியில் வைத்திருக்கிறேன். மிலானில் காலையில் ரயில் ஏறினால் கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே போய் மதியத்துக்குள் திரானோ. அங்கே சிவப்பு ரயிலுக்கு மாறணும். பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவும் கூடுதல் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டியும் போகிறது, அதற்கு முன்பதிவு வேண்டாம். பற்சக்கரம் இல்லாமல், 2,253 மீட்டர் வரை ஏறி, வெளிச்சம் போவதற்குள் செயின்ட் மோரிட்ஸில் இறக்கிவிடும்.